அந்தப்பக்கம் கடை பார்க்கப் போனவர்

எந்த விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள், எந்தக் கிழமை டிக்கெட் மலிவு என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் கைபேசியே சொல்லிவிடும். நான் என் டிராவல்ஸ் கடையை மூடியபோது இருந்த விதிகளில் பாதி இன்று இல்லை. ஆனால் ஒன்று மாறவில்லை. நீங்கள் டிக்கெட் போட்டு அனுப்பிய ஆள் என்றாவது ஒரு நாள் முன்பின் தெரியாத ஊரில், ஒரு அதிகாரிக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வருவது உங்கள் நம்பர் ஒன்றுதான். அப்போது நீங்கள் வாய் திறந்து என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் இந்தத் தொழில். மற்றதெல்லாம் டைப் அடிக்கிற வேலை.

என் ஆபீஸ் தேனிப் பக்கத்துக் கூடலூரில், ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே விடிந்ததிலிருந்து "குமுளி, குமுளி" என்று கூப்பாடுதான். நிரம்பினால் ஜீப் கிளம்பும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள், வியாபாரிகள், தேக்கடி பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மாநில எல்லை தாண்ட மலை ஏறுவார்கள். எல்லாரும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள், எங்கள் ஊருக்கென்று யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு ஜீப் கிளம்பும்போதும் எனக்குக் கால் பரபரக்கும். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு நான் கொஞ்சமும் லாயக்கில்லாதவள். ஊரையெல்லாம் விமானம் ஏற்றிவிட்டு நான் மட்டும் அந்த நாற்காலியிலேயே கிடந்தேன் என்று இன்றும் எனக்கு எரிச்சல் உண்டு.

தொழில் பழகியது மதுரையில், தொண்ணூற்றாறில். பக்கத்து மேஜையில் ஒருத்தி இருந்தாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். பெயர் வேண்டாம், இப்போது பெரிய இடத்தில் இருக்கிறாள், கோபித்துக்கொள்வாள். ஒரு நாள் பம்பாய் ஏர்போர்ட்டிலிருந்து ஒருவர் போனில் அழுகிறார். யாரைப் பார்க்க துபாய் போகிறாய் என்று குடைகிறார்களாம். நான் எடுத்த எடுப்பில், "மாமா வீட்டுக்குப் போறேன்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். அவள் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, இதுவரைக்கும் அவுககிட்ட என்ன சொல்லிருக்கீக? பையில என்ன வச்சிருக்கீக?"

அவர் ஏற்கெனவே தம்பியைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். பையில் இருந்ததும் தம்பி அனுப்பிய விசாதான். நான் சொன்ன மாமாவை அவர் இழுத்திருந்தால் அடுத்த ரயிலில் ஊருக்கு வந்திருப்பார். போனை வைத்துவிட்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு ஆளுக்குப் புதுசா மாமா உண்டாக்கிக் குடுக்குறதுக்கு முந்தி, அந்தாளு வாயில என்ன வந்துச்சுன்னு கேளு தாயி" என்றாள். அன்று எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. அந்த இரண்டு கேள்விகளும் எதற்கு என்று புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

காஜா மைதீன் எங்கள் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் புரோட்டா போட்டவர். பிறகு சென்னைக்குப் போய் ஒரு பெரிய ஹோட்டலில் தந்தூரி அடுப்பில் நின்றார். அங்கே பழகிய ஒருவர் மூலம் பிரிட்டனில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. விசா வேலையும் டிக்கெட்டும் நான்தான் பார்த்தேன். கடை இருந்தது லண்டனில் இல்லை. வேல்ஸ் என்று ஒரு பகுதி, அதன் கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுக ஊர். அதன் பெயரை நான் சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கே விளங்காது, அதனால் விட்டுவிடுகிறேன்.

அவர் மனைவி நூர்ஜஹான் வீட்டில் அப்போது போன் கிடையாது. செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை, சாயங்காலம் என் ஆபீசுக்குக் கூப்பிடுவார். நூர்ஜஹான் மகள் ஷமீமாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். கைப்பிள்ளையாக விட்டுவிட்டுப் போன மகள், இப்போது பேச்சும் ஓட்டமுமாக இருந்தாள். அவளுக்கு அப்பா என்றால் என் மேஜை மேல் இருந்த போன்தான். "போன் அத்தா" என்றுதான் சொல்லுவாள். நூர்ஜஹானுக்கு அதைக் கேட்டால் முகம் விழுந்துவிடும்.

அவர்கள் மாடி ஏறி வருவதற்குள் காஜா என்னிடம் ஊர்க்கதை பேசுவார்.

"மேட்டுல வீடுக, கீழ கடலு. ரயிலு நேரா கப்பலுகிட்டயே போய் நின்டுரும் அக்கா. இறங்குற சனம் அப்படியே கப்பல்ல ஏறிரும். அங்கிட்டிருந்து வர்றவுக அப்படியே ரயில்ல ஏறிருவாக. ஊருக்குள்ள ஒருத்தரும் திரும்பிப் பாக்குறதில்ல. நம்ம கூடலூரேதான்."

போர்டெல்லாம் இரண்டு பாஷையில் இருக்கும் என்பார், குமுளியில் தமிழும் மலையாளமும் இருப்பதுபோல. காற்றில் குடை நிற்காது. கையில் ரொட்டியோடு நடந்தால் கடல் பறவை பிடுங்கிக்கொண்டு போய்விடும். காலையில் ஒரு கப்பல், சாயங்காலம் ஒரு கப்பல். கப்பல் வந்தால் கடையில் நாலு பேர், போனால் ஈ ஓட்ட வேண்டும். சும்மா இருக்கும் நேரத்தில் கடலைப் பார்த்து நிற்பாராம். என் ஜன்னலிலிருந்து நான் ஜீப்பைப் பார்ப்பதும் அவர் அங்கிருந்து கப்பலைப் பார்ப்பதும் எனக்கு ஒன்றாகவே பட்டது. அதனால்தானோ என்னவோ, அந்த ஊர்க் கதையை நான் ஆசையாகக் கேட்பேன்.

நூர்ஜஹானையும் மகளையும் அங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டிருந்தோம். சென்னையில் நேர்காணலுக்குத் தேதியும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, தாயும் மகளும் வழக்கம்போல் வந்தார்கள். கூடவே நூர்ஜஹானின் அண்ணன் சிக்கந்தரும் வந்தார். ஏலக்காய் வியாபாரி. அவர் சாதாரணமாகப் பேசினாலே எங்கள் ஆபீஸ் ஜன்னல் அதிரும். தங்கையைச் சென்னைக்குக் கூட்டிப் போவது அவர் பொறுப்பு.

வழக்கமான நேரத்தில் போன் வரவில்லை. ஷமீமா போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கீழே இரண்டு ஜீப் நிரம்பிக் கிளம்பிய பிறகுதான் மணி அடித்தது.

"செலினக்கா, நூரு இருக்காளா?"

"இந்தா இருக்கா."

"அவகிட்ட குடுத்துராதீக."

குரல் அடங்கிப்போயிருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்றேன்.

"அந்தப்பக்கம்."

"எந்தப்பக்கம்?"

"கப்பலுக்கு அந்தப்பக்கம் அக்கா. அயர்லாந்துல. புடிச்சு ஒக்கார வச்சிருக்காக."

அயர்லாந்து தனி நாடு, தனி விசா. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். காஜா மைதீனுக்கு எப்படித் தெரியும்? கூடலூரில் பிறந்து வளர்ந்தவர். காலையில் அந்தப்பக்கம் போய்ச் சாயங்காலம் திரும்பாத ஆள் எங்கள் ஊரில் உண்டா? குமுளி செக்போஸ்டில் அரிசி மூட்டை இருந்தால் கேட்பார்கள், ஆளைக் கேட்கமாட்டார்கள். அங்கேயும் ஊர்க்காரர்கள் காலைக் கப்பலில் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு சாயங்காலக் கப்பலில் திரும்புவதை இரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார். அன்று அவரும் டிக்கெட் எடுத்தார். கொடுத்தவர் விசா பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்கரையில் கூட்டமாக இறங்கியவர்களில் நிறுத்தப்பட்டது இவர் ஒருத்தர்தான். ஏன் இவரை மட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் முகத்தைப் பார்த்தே நூர்ஜஹான் எழுந்து நின்றுவிட்டாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மறைக்க வழியில்லை, அவள் எதிரிலேயே நிற்கிறாள். சிக்கந்தர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இந்தாம்மா, கூட்டாளிய ஏத்திவிட கப்பலுக்குள்ள போனேன், எறங்குறதுக்குள்ள கெளம்பிருச்சுன்னு சொல்லச் சொல்லுங்க. பஸ்ஸுல நடக்குறதில்லையா? யாரு போய்ப் பாக்கப்போறா?"

பொய் சொல்வது தப்பு என்று உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. உண்மையில் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அழகான பொய். யார் கேட்டாலும் பாவம் என்பார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. போனில் காஜா, "சீக்கிரம் சொல்லுங்க அக்கா, அவரு வாராரு" என்கிறார். நூர்ஜஹான் என் கையையே பார்க்கிறாள். அடுத்த வாரம் நேர்காணல். இங்கே ஒன்று பிசகினால் அவள் விசாவும் போச்சு, அவர் வேலையும் போச்சு. பிள்ளைக்கு அப்பா இன்னும் எத்தனை வருஷம் போனாகவே இருப்பார் என்று தெரியாது. அப்போதுதான் மதுரைக்காரியின் கேள்வி என் வாயில் வந்தது.

"இதுவரைக்கும் அவருகிட்ட என்ன சொல்லிருக்கீக?"

"எதுக்கு வந்தன்னு கேட்டாரு. கடை பாக்கன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் வரல அக்கா. இங்கிலீசு வாய்க்குள்ளயே நின்டுருச்சு."

"பையில என்ன இருக்கு?"

"போக வர டிக்கெட்டு இருக்கு. சாயந்தரக் கப்பலுக்குத் திரும்புறதுக்கு. எடுத்து அவரு மேசையில வச்சுட்டேன்."

போக வர டிக்கெட் எடுத்தவன் எப்படிக் கூட்டாளியை ஏற்றிவிடப் போனவன் ஆவான்? சிக்கந்தரின் பொய்யை அவர் சொல்லியிருந்தால் அந்த டிக்கெட்டே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும். பொய்யை விட்டுவிட்டால் அதே டிக்கெட் அவருக்குத் துணை. தங்கப் போகிறவன் திரும்பும் கப்பலுக்குப் பணம் கட்டமாட்டான்.

"காஜா, நீங்க சொன்னதத்தான் நானும் சொல்லப்போறேன். போன அந்த அதிகாரிகிட்ட குடுங்க" என்றேன்.

சிக்கந்தர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த அதிகாரி பேசிய இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் விளங்கியது. நான் பேசியதில் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த இங்கிலீஷை அன்று கடைசிச் சொட்டு வரை பிழிந்தேன். இவர் என் வாடிக்கையாளர், சமையல்காரர் என்றேன். எங்கள் ஊரிலும் ஒரு எல்லை இருக்கிறது, தினமும் தாண்டுகிறோம், யாரும் எதுவும் கேட்பதில்லை, உங்கள் கடலையும் இவர் அப்படித்தான் நினைத்துவிட்டார் என்றேன். அது எந்த நாட்டு எல்லை என்று கேட்டார். நாடு இல்லை, மாநிலம் என்றேன். அவர் தாளில் எதையோ எழுதும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் கீழே ஜீப்காரர் "இன்னும் ரெண்டு பேரு, ரெண்டு பேரு" என்று கத்துவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அது என்ன சத்தம் என்றார். அதுதான் எல்லைக்குப் போகிற வண்டி, ஆள் சேர்க்கிறார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

சிரித்தாலும் வேலையை விடவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித்தான் சாயங்காலக் கப்பலில் ஏற்றினார். இக்கரையில் திரும்ப உள்ளே விடுவார்களா என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து, இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் ஆபீசைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. காஜா அறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப்பக்கமும் அதே கேள்வியைக் கேட்டார்களாம், இவரும் அதே பதிலைச் சொன்னாராம்.

இத்துடன் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நேர்காணல் பாக்கி இருந்தது.

அந்த நாட்களில் நேர்காணலுக்குப் போகிறவர்களை நாங்கள் ஒத்திகை பார்த்துத்தான் அனுப்புவோம். நான் அதிகாரியாக உட்காருவேன், அவர்கள் எதிரே உட்கார்ந்து பதிலை ஒப்பிப்பார்கள். எல்லா ஆபீசிலும் நடப்பதுதான். நூர்ஜஹானுக்கும் ஆரம்பித்திருந்தேன். சிக்கந்தர் அதில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார். உன் வீட்டுக்காரர் வேறு நாட்டுக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டால், இல்லை என்று சொல்லப் பழக்க வேண்டுமாம்.

"குத்துன முத்திரை அங்கன கெடக்கு. இங்கன இருக்குற மெட்ராஸ்காரனுக்கு எப்படித் தெரியும்? நீங்க பழக்கலேன்னா சொல்லுங்க, தேனில வேற ஆளு இருக்காக, ஃபைல எடுத்துட்டுப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. தேனிக்காரரிடம் போனால் கண்ணை மூடிக்கொண்டு பழக்கிவிடுவார். சென்னை அதிகாரிக்குத் தெரியாமலே போய்விடவும் வாய்ப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முடிவெடுத்தது நான் இல்லை. நூர்ஜஹான்தான்.

"அண்ணே, பொய்ய எனக்கு ஞாபகம் வச்சுக்கத் தெரியாது. பயந்தா மறந்துரும். அவுக கடை பாக்கத்தான் போனாக. அத நான் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல."

அதற்குப் பிறகு ஒத்திகையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். என் தொழிலில் ஒருவரை ஒத்திகை இல்லாமல் அனுப்பியது அதுதான் முதல் தடவை. அவள் பஸ் ஏறிய பிறகு எனக்குத்தான் பயம். இரண்டு பதிலாவது சொல்லிக் கொடுத்திருக்கலாமோ என்று நகத்தைக் கடித்தேன்.

சென்னையில் நடந்ததைத் திரும்பி வந்து அவளே சொன்னாள். கேள்வி கேட்டது ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒருவர். கல்யாணம், குழந்தை, அவர் சம்பளம் எல்லாம் கேட்டார்கள். பிறகு அந்த அம்மா ஒரு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், உன் கணவர் இந்த இரண்டு வருஷத்தில் வேறு எங்கேயாவது போனாரா?

"அவுக கையில தாளு இருந்துச்சு அக்கா. தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டாக" என்றாள் நூர்ஜஹான். "அயர்லாந்துக்குப் போனாக, உள்ள விடலன்னு சொன்னேன். எதுக்குப் போனாகன்னு கேட்டாக. கடை பாக்கன்னேன். மாத்திச் சொன்னவரு சிரிச்சுட்டாரு. அது வேற நாடுன்னு ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியாதான்னு கேட்டாக. எனக்கே செலினக்கா சொல்லித்தான் தெரியும்னேன்."

சிக்கந்தர் அருகிலேயே நின்றார். அவர் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

பாஸ்போர்ட்டுகள் கூரியரில் வரும் வரை நான் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. உறை வந்ததும் நான் பிரிக்கவில்லை, நூர்ஜஹானை வரச் சொல்லி அவள் கையில் கொடுத்தேன். அவளும் பிரிக்காமல் ஷமீமாவிடம் கொடுத்தாள். அந்தப் பிள்ளை பல்லால் கடித்துக் கிழித்தது. இரண்டிலும் விசா ஒட்டியிருந்தது. நான் அழுதேன். வாடிக்கையாளர் முன்னால் அழக் கூடாது என்று ஒரு விதி இருந்தால் அதையும் மீறியவள் நான்.

அவர்களை மதுரையில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பழக்கதோஷத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட வேண்டிய அவசியம் இனி யாருக்கும் இல்லை. ஆனாலும் அடித்தது. நூர்ஜஹான்.

"அக்கா, கடலுக்கு முன்னாடி நிக்குறோம். குடை ஒடஞ்சுபோச்சு."

"காஜா?"

"அவுக வரல. கப்பல் இருக்குற பக்கமே வரமாட்டேங்கிறாக. கடைக்குப் போகக்கூட மேட்டு வழியா சுத்திப் போறாக. நானும் இவளும்தான் வந்து நின்னு பாக்குறோம். அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு நச்சரிக்கிறா."

"நீ என்ன சொன்ன?"

"கடைன்னு சொன்னேன்."

பின்னால் காற்று இரைச்சல், அதற்குள் ஷமீமா யாரையோ "அத்தா, அத்தா" என்று கூப்பிடும் சத்தம். காஜா மேட்டிலிருந்து இறங்கி வருகிறார் போல. நூர்ஜஹான் போனை வைக்கிறேன் என்று சொல்லாமலே வைத்துவிட்டாள்.

கீழே ஜீப்காரர் இன்னும் ஒரே ஆள், ஒரே ஆள் என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஆபீசைப் பூட்டினேன். இறங்கிப் போய் அந்த ஒரு ஆளாக ஏறிக்கொண்டேன். மலை ஏறிக் குமுளி வந்தது. செக்போஸ்டில் ஒருவர் என் பைக்குள் எட்டிப் பார்த்தார். அரிசி இல்லை என்று தெரிந்ததும் கையைக் காட்டிவிட்டார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.